டோக்கன் அறுபத்து மூன்று

மஞ்சக்குப்பத்தில் பத்து மணிக்கே உச்சி வெயில்.
கேன்டீன் வாசலில் ஒரு வேப்பமரம்,
நிழல் ஐம்பது பேருக்குத்தான் வரும்.
நான் அறுபத்து மூன்று.

பின்னால் பரணிதரன்.
அரைக்கால் டவுசர், ரப்பர் செருப்பு,
அம்மா எழுதித் தந்த சீட்டு கையில்:
துவரம்பருப்பு, சலவைத் தூள், குக்கர் ஒன்று
(பழசில் விசில் வருவதில்லை).

அவன் கார்டை வாங்கிப் பார்த்த ஆரோக்கியதாஸ்
நாற்காலியை விட்டு எழுந்தார்.
சுபேதாராக இருந்தவர். முட்டிவலிக்காரர்.
எனக்காக எழுந்ததில்லை, எழவும் வேண்டியதில்லை.
"சார், உங்க கவுண்டர் அந்தப் பக்கம்."
சார் யாரென்று
நாங்கள் இருவருமே திரும்பிப் பார்த்தோம்.

அந்தப் பக்கம் ஆளே இல்லை.
கடலூரில் ஆபீசர்களை விரல்விட்டு எண்ணலாம்.
வெறும் தரைக்கு மேல் ஒரு மின்விசிறி
வருஷக்கணக்காய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அப்பாவோட இங்கயே நிக்கிறேனே."
"அது சரிப்படாது சார்."
வரிசையும் சொன்னது, சரிப்படாது என்று.
கோபமாக இல்லை;
பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று சொல்வதுபோல.
"போப்பா" என்றேன்.
"போங்க" என்று வாய்வரை வந்ததை
எப்படி விழுங்கினேனோ.

பதினேழு வருஷம்.
சமையல் வேறு, கக்கூஸ் வேறு, ரயிலில் பெட்டி வேறு.
லே போகும் வழியில் பனி அடைத்த ஓர் இரவு மட்டும்
கேப்டன் மெஹ்ரோத்ராவுக்கும் எனக்கும்
ஒரே ஸ்டவ், ஒரே மக்.
விடிந்து பாதை திறந்ததும்
மக்கைக் கழுவி அவர் பெட்டியில் வைத்தேன்.
அவர் ஷூவில் முகம் பார்த்து மீசை ஒதுக்கியிருக்கிறேன்.
குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.
என் கல்யாணத்துக்கு ஐநூறு ரூபாய் அனுப்பினார்.

வீட்டில் இவன் ஷூவை இவனேதான் துடைக்கிறான்.
பிரஷ்ஷை நான் எடுத்தால் வாங்கி வைத்துவிடுகிறான்.
ஏனென்று கேட்டதில்லை.

என் பட்டை துணி. இரண்டு கோடு,
லீவில் வந்தபோது செங்கமலம் தைத்துக் கொடுத்தது.
இவனுடையது பித்தளை.
பரங்கிமலையில், தோளை மூடியிருந்த துணியை
பெற்றவர்கள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.
அவள் பக்கம் சட்டென்று வந்துவிட்டது.
என் பக்கம் நூல் சிக்கிக்கொண்டது.
தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள்.
தோளிலேயே நட்சத்திரம் முளைத்தால் யாரென்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

நாலே நிமிஷம். குக்கரோடு வெளியே வந்தான்.
பிறகு ஸ்கூட்டர் அருகே, வெயிலில்,
ஒரு மணி இருபது நிமிஷம் நின்றான்.
யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.
மரத்தடிக்கு வந்திருக்கலாம்.
வந்தால் நாங்கள் விலகி இடம் விடுவோம் என்று
அவனுக்குத் தெரியும்.

எனக்கு நாலு பாட்டில் கணக்கு, அவனுக்கு அதைவிட அதிகம்.
அவன் குடிப்பதில்லை, பங்கை எடுக்கவுமில்லை.
திருப்பாதிரிப்புலியூர் மச்சானுக்கு இது தெரிந்தால்
ஒரு வாரம் சோறு இறங்காது.

"நான் ஓட்றேம்ப்பா" என்றான்.
"இந்த ஊர்ப் பள்ளமெல்லாம் உனக்கு மறந்திருக்கும், ஏறு."
பின்னால் உட்கார்ந்தான்,
இரண்டு கையிலும் பை, மடியில் குக்கர்.

கேட்டில் வைத்தி.
மாசாமாசம் "வாடா கலியமூர்த்தி" என்று பீடி கேட்பவன்
குதிகால் சேர்த்து விறைத்து
ஒரு சல்யூட் வைத்தான்.
என் தலைக்கு மேலாக அது பின்னால் போனது.
பின்னால் கை ஒழியவில்லை.
வைத்த சல்யூட்டைத் தரையில் விடக் கூடாது;
அது எந்த ரேங்குக்கும் பொது.
ஹேண்டிலை விட்டு என் வலது கை
தானாக எழுந்தது.

ஸ்கூட்டர் ஆடியது.
"அப்பா, கைய கீழ வைங்க!"

வைத்தேன்.
கெடிலம் பாலம் வரை
குக்கர் மூடி கடகடத்துக்கொண்டே வந்தது.